75 டன்னுக்குள் ஒரு கப்பல்

1926, 1927 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கட்டப்பட்ட ஏழு சிறிய கப்பல்களின் மொத்த டன் அளவை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு கேள்வி தானாக எழுகிறது. தாப்பா 208, ரஹ்மான் 209, ஜாராக் 208, ஜெராம் 210, ஜெரான்துட் 217, கிளியாஸ் 207, மலாக்கா 210. ஏழும் ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப் கம்பனிக்கு உரியவை. மலாய்த் தீபகற்பத்தின் சிறு துறைகளுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ரப்பர், ஈயமணல், கொப்பரை, அரிசி, மண்ணெண்ணெய் சுமப்பதற்காகக் கட்டப்பட்ட வகையைச் சேர்ந்தவை. ஒரு துறையில் ஐந்நூறு மூட்டை ஏறும், அடுத்த துறையில் ஐம்பதுகூடத் தேறாது. ஓர் ஆறு ஆழமானது, இன்னொன்று வெறும் சேறு. சரக்கும் துறையும் இப்படி மாறிக்கொண்டே இருக்கும்போது, கப்பலின் அளவு மட்டும் ஏன் 207-க்கும் 217-க்கும் நடுவிலேயே நிற்கிறது? ஆற்றையும் கடலையும் சரக்கையும் மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. இந்த வகைக் கப்பலின் உருவத்தைத் தீர்மானித்ததில் பெரும்பங்கு ஒரு சட்டப் பிரிவுக்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். அச்சட்டம் போய்விட்டது, அந்தக் கம்பனியின் கப்பல்களும் போய்விட்டன. ஆனால் இன்று கிள்ளான் துறைமுகத்துக்கு வந்துபோகும் சிறு கப்பல்களையும் அதே வகையான ஒரு வரம்புதான் வெட்டித் தைக்கிறது.

முதலில் இடத்தைப் பார்க்கலாம். கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது 1886-இல். 1890-இல் பாதை ஆற்றைக் கடந்து கிள்ளான் நகருக்கு வந்தது. அதுவரையிலும் அதற்குப் பிறகு சில ஆண்டுகளும் கப்பல்கள் வளைந்து வளைந்து ஆற்றுக்குள் ஏறி வந்துதான் சரக்கை இறக்கின. ஆழம் போதாது, வளைவில் திருப்ப இடமும் போதாது. அதனால்தான் ஆற்றின் வாயிலேயே ஒரு துறைமுகம் வேண்டும் என்று முடிவாகி, 1901 செப்டம்பரில், இன்றைய கிள்ளான் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. திறந்த சூட்டோடு மலேரியா தாக்கி, கூலியாட்கள் கொத்துக் கொத்தாகப் படுத்ததும், டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி அதைக் கட்டுப்படுத்தியதும் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட கதை. நமக்கு இங்கே வேண்டியது இன்னொரு செய்தி. அந்தத் துறைமுகத்தை நடத்தியது ரயில்வே. 1963-இல் துறைமுக ஆணையம் தனியாக அமையும்வரை, துறைமுகம் என்பது ரயில் பாதையின் கடைசி நிலையம்தான். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த கிராணிமாரும் பட்டறைத் தொழிலாளரும், போர்ட்டில் மூட்டை தூக்கிய தமிழர்களும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு முனைகளில் இருந்தார்கள். கப்பல் கம்பனி மட்டும் வேறு. ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப் 1890-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. மேன்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் போகார்ட்டும், தான் ஜியாக் கிம், தான் கியோங் சைக், லீ செங் யான் முதலிய சீன வணிகர்களும் சேர்ந்து ஏற்படுத்திய கம்பனி. மலாய் மாநிலங்களில் தோண்டிய ஈயமணலைச் சிங்கப்பூரை ஒட்டிய பிராணித் தீவின் உலைக்குக் கொண்டுபோவது அதன் முதல் பிழைப்பு. ரப்பர் வந்தபிறகு ரப்பர்.

இந்தக் கரையில் ஓடும் கப்பலுக்கு இயற்கை விதிக்கும் நிபந்தனைகள் கடுமையானவை, அவற்றைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கிள்ளான் கழிமுகத்தில் பெரிய ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். கோலா சிலாங்கூர், பகான் டத்தோ, தெலுக் ஆன்சன் என்று அன்று அழைக்கப்பட்ட தெலுக் இந்தான், தெற்கே மூவார், பத்து பகாட் எல்லாமே ஆற்றுத் துறைகள். ஆற்றின் வாயில் மணல் திட்டோ சேற்றுத் திட்டோ குறுக்கே கிடக்கும். ஏற்றம் பார்த்து உள்ளே நுழைய வேண்டும், வற்றுக்கு முன் வெளியே வர முடியாவிட்டால் சேற்றில் உட்கார்ந்து அடுத்த ஏற்றம்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும், நீரில் அமிழும் ஆழம் குறைவாக இருக்க வேண்டும். தரை தட்டும்போது சுக்கானும் சுழலியும் உடையாதபடி பின்பகுதியை அமைக்க வேண்டும். பல துறைகளில் கரையில் கிரேன் கிடையாது. எனவே கப்பலே தன் பாய்மரத்தில் டெரிக் கட்டி, வின்ச் வைத்து, தொங்காங்கு எனும் சரக்குப் படகுகளிலிருந்து சரக்கைத் தூக்கிக்கொள்ள வேண்டும். மேல்தளத்தில் பயணிகள் பாய் விரித்துப் படுக்கவும், கோழிக் கூடைகளை வைக்கவும் வெயில்மறைப்பு வேண்டும். இவ்வளவையும் ஆறும் சரக்கும் கேட்டன, கப்பல் கட்டியவர்கள் கொடுத்தார்கள். ஆனால் இந்த நிபந்தனைகளில் எதுவும் கப்பலின் மொத்தக் கொள்ளளவு இவ்வளவுதான் இருக்கலாம் என்று சொல்லவில்லை. ஆழம் குறைந்த கப்பலை நீளமாகக் கட்டலாம், அகலமாகக் கட்டலாம், மேலே ஓர் அறைத்தொகுதி கூட்டலாம். ஆற்றின் ஆட்சி நீர்க்கோட்டுக்குக் கீழேதான்.

நீர்க்கோட்டுக்கு மேலேயும் உள்ளேயும் ஆட்சி செய்தது வேறு ஒன்று. மலாயாக் கரையோரக் கப்பல் ஓட்டத்தில் அன்று ஒரு விதி இருந்தது. நிகர டன் 75-க்கு உட்பட்ட கப்பலை, ஐரோப்பிய அதிகாரிகளிடம் இருந்த உயர்நிலைச் சான்றிதழ் இல்லாமலே, உள்ளூர்ச் சான்று பெற்ற மலாய்க் கப்பல் தலைவரான நகோடா ஓட்டலாம். அதைத் தாண்டினால் சான்றிதழ் பெற்ற கேப்டன், அதிகாரி, பொறியாளர் என்று சம்பளப் பட்டியல் நீளும். அந்தக் காலத்து மலாயாவில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரை வைத்திருப்பது என்றால் சம்பளம் மட்டுமல்ல, தனி அறை, தனிச் சாப்பாடு, சீமைக்குப் போய்வர விடுமுறை, கப்பல் கட்டணம் எல்லாம் சேர்ந்ததுதான். ஒரு துறையில் ஐம்பது மூட்டை ஏற்றும் கப்பல் இதைத் தாங்காது. எனவே கம்பனி 75 என்ற எண்ணுக்குள் அடங்கும் கப்பலைக் கேட்டது. துறையில் இவற்றுக்கு ‘75 டன் கப்பல்கள்’ என்றே பெயர் நின்றுவிட்டது.

மொத்தம் 210 டன் உள்ள கப்பல் எப்படி 75 டன் ஆகிறது என்பதில்தான் வடிவமைப்பாளரின் கைத்திறன் இருக்கிறது. இங்கே டன் என்பது எடை அல்ல, இடம். 100 கன அடி இடம் ஒரு டன். 1854-இல் பிரிட்டனில் ஜார்ஜ் மூர்சம் வகுத்த முறைப்படி கப்பலின் மூடிய இடம் முழுவதையும் அளந்து மொத்த டன் காண்பார்கள். பிறகு சரக்கோ பயணியோ ஏற்றிக் காசு பார்க்க முடியாத இடங்களைக் கழித்து நிகர டன் காண்பார்கள். மாலுமிகள் படுக்கும் இடம், நங்கூரச் சங்கிலி அறை, வரைபட அறை, நீர்ச்சுமைத் தொட்டி போன்றவை கழியும். எஞ்சின் அறையும் கழியும். ஆனால் எஞ்சின் அறை உள்ளபடி கழிவதில்லை. 1894-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி, சுழலிக் கப்பலின் எஞ்சின் இடம் மொத்தத்தில் 13 விழுக்காட்டுக்கு மேலும் 20 விழுக்காட்டுக்குக் கீழும் இருந்தால், உண்மை அளவு எதுவானாலும் 32 விழுக்காடு கழித்துக்கொள்ளலாம். அந்த வட்டத்துக்கு வெளியே என்றால், எஞ்சின் இடத்தை அளந்து அதோடு முக்கால் பங்கைக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். நிலக்கரிக்கும் இடம் வேண்டுமே என்பதற்காகக் கொடுத்த தாராளம் இது. கப்பல்காரர்கள் அந்தத் தாராளத்தை நிலக்கரிக்கு மட்டும் பயன்படுத்தவில்லை.

210 டன் கப்பல் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 32 விழுக்காட்டு வழியில் போனால் கழிவது 67, மிஞ்சுவது 143. மாலுமி இடம், சங்கிலி அறை எல்லாம் கழித்தாலும் 75-ஐ நெருங்க முடியாது. ஆகவே இரண்டாவது வழி. எஞ்சின் அறையை 52 டன் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். அதாவது கப்பலில் நாலில் ஒரு பங்கு. முக்கால் கூட்டினால் 91. மற்றக் கழிவுகளை இழுத்துப் பிடித்து 45 ஆக்கினால் மிஞ்சுவது 74. இங்கே 1907-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வருகிறது. எஞ்சின் கழிவு, மற்றக் கழிவுகள் போக மிஞ்சியதில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது அதன் உச்சவரம்பு. 210-இல் 45 போனால் 165, அதில் 55 விழுக்காடு 90.75. கால் டன்தான் இழப்பு. நிகரம் 74.25. கப்பல் விதிக்குள் வந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், உண்மையில் எஞ்சின் அறை 52 டன்தான் அடைத்துக்கொள்கிறது, காகிதத்தில்தான் 91 போகிறது. சரக்குக்கும் பயணிக்கும் மிஞ்சும் இடம் 113 டன், அதாவது 11,300 கன அடி. பதிவேட்டில் இருப்பது 7,425 கன அடி. கொப்பரைக்கு டன் எடைக்கு 80 கன அடிக்கு அருகில் இடம் வேண்டும். பதிவேட்டை நம்பினால் 93 டன் கொப்பரை, கப்பலை நம்பினால் 140 டன்னுக்கும் மேல். ஈயமணல் என்றால் இடம் ஒரு பொருட்டே அல்ல, எடைதான் முதலில் முடியும். அப்போது சரக்கறையில் பாதி காலியாகக் கிடக்கும்போதே கப்பல் நீர்க்கோடு வரை அமிழ்ந்துவிடும். இலேசான, இடத்தை அடைக்கும் ரப்பருக்கும் கொப்பரைக்கும்தான் இந்தக் கணக்கு வித்தை பலன் தந்தது. இவ்வகைக் கப்பல்கள் கட்டப்பட்ட காலமும் ரப்பரின் காலம்தான்.

இப்போது அந்த ஏழு எண்களுக்குத் திரும்பினால் அவற்றின் நெருக்கம் புரியும். 55 விழுக்காட்டு உச்சவரம்பு இருக்கும்வரை, மொத்த டன்னைக் கூட்டக் கூட்ட மற்றக் கழிவுகளையும் அதே அளவுக்குக் கூட்டியாக வேண்டும். மாலுமி அறைகளையும் நீர்த்தொட்டிகளையும் ஓரளவுக்கு மேல் பெருக்கினால் சரக்கு ஏற்றுவதற்கே இடம் இருக்காது. ஆகவே 75 என்ற நிகரத்துக்குள் நின்றுகொண்டு கட்டக்கூடிய மிகப் பெரிய பயனுள்ள கப்பல் ஏறக்குறைய 210 டன்தான். ஏழு கப்பல்களும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கின்றன.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும், அது நியாயமான மறுப்பும்கூட. ஒரே கம்பனி, ஒரே காலம், ஒரே வகைப் படம். உடன்பிறந்த கப்பல்கள் ஒரே அளவில் இருப்பதில் என்ன அதிசயம்? இதற்குச் சட்டத்தை ஏன் இழுக்க வேண்டும்? சரி, ஒரே படத்திலிருந்து வந்தவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் படம் ஏன் 210-இல் நின்றது, 160-லோ 300-லோ ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஆற்று ஆழம் காரணம் என்றால், ஆழமற்ற ஆற்றுக்கு 160 டன் கப்பலும் ஆழமான ஆற்றுக்கு 300 டன் கப்பலும் கட்டியிருப்பார்கள். அதே கம்பனியில் பெரிய கப்பல்களும் இருந்தன. 1926-இல் கட்டிய ரவுப் 1,161 டன். 1927-இல் இங்கிலாந்தில் விக்கர்ஸ் கட்டிக்கொடுத்த கெடா 2,499 டன், கம்பனியின் பெருமைக்குரிய வேகக் கப்பல். 210 டன்னுக்கும் ஆயிரத்துக்கும் நடுவே உள்ள அளவுகளை நோக்கி இழுக்கச் சரக்கு இல்லாமல் இல்லை. ஆனால் 300 டன்னில் ஒரு கப்பல் கட்டினால் அதிகப்படியாகக் கிடைக்கும் சரக்கு வருமானத்தை ஐரோப்பிய அதிகாரிகளின் செலவு தின்றுவிடும். அந்தச் செலவைத் தாங்கும் அளவுக்கு ஏற வேண்டுமென்றால் ஒரேயடியாகப் பெரிதாக ஏற வேண்டும். விதியில் ஒரு படி இருந்தால் அதன் விளிம்பில் கூட்டம் சேரும், படிக்குச் சற்று மேலே இடம் காலியாகும். வருமான வரி விகிதம் மாறும் எல்லையில் சம்பளக் கணக்குகள் குவிவதும் இதனால்தான்.

ரயில் இருக்கும்போது இந்தக் கப்பல்கள் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. 1909-இல் ரயில் பாதை ஜொகூர் வரை தொடர்ந்துவிட்டது. 1923-இல் ஜொகூர் பாலத்தின் மீது சரக்கு ரயில் சிங்கப்பூருக்குள் போகத் தொடங்கியது, 1924 ஜூனில் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. கரையோரக் கப்பல் தொழில் அதோடு படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. பாலம் திறந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்தான் நாம் பார்த்த ஏழு கப்பல்களும் கட்டப்பட்டன. ரயில் பாதை மேற்குக் கரையின் முதுகெலும்போடு போனது, தென்னந்தோப்புகளும் ரப்பர் தோட்டங்கள் பலவும் கடலோரச் சமவெளியில் ஆற்றங்கரைகளில் இருந்தன. பகான் டத்தோவின் கொப்பரையை மாட்டு வண்டியிலும் லாரியிலும் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுபோய் மறுபடி ஏற்றுவதைவிட, தோட்டத்து வாசலிலேயே ஒரு தொங்காங்கில் ஏற்றிக் கப்பலில் சேர்ப்பது மலிவு. ஆனால் மலிவு என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரயிலோடு போட்டி போடும் கட்டணத்தில் கப்பல் ஓட முடிந்ததில் கடல் இலவசம் என்பதற்கு ஒரு பங்கு, நகோடாவின் சம்பளம் ஐரோப்பியக் கேப்டனின் சம்பளம் அல்ல என்பதற்கு ஒரு பங்கு. விதி விதித்த எல்லைக்குள் இருந்ததால்தான் அந்த இரண்டாவது பங்கு கிடைத்தது. ரயில் போட்டி கடுமையாக ஆக, 75-க்குள் நிற்க வேண்டிய கட்டாயமும் கூடியது என்றே சொல்ல வேண்டும்.

விதியின் நியாயம் பாதுகாப்பு என்று சொல்வார்கள். பெரிய கப்பலில் அதிக உயிர், அதிகச் சரக்கு, ஆகவே அதிகத் தகுதி. கொள்கையளவில் இதை மறுக்க முடியாது. ஆனால் எதை அளந்தார்கள் என்று பார்த்தால் நியாயம் தடுமாறுகிறது. நிகர டன் என்பது காசு சம்பாதிக்கும் இடத்தின் அளவு. துறைமுகக் கட்டணம் வாங்குவதற்காக ஏற்பட்ட எண் அது. கப்பல் எவ்வளவு பெரியது, அலையில் எப்படி நிற்கும், எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்பது எதுவும் அந்த எண்ணில் இல்லை. எஞ்சின் அறையைப் பெரிதாக்கினால் எண் குறைகிறது, கப்பல் சிறிதாவதில்லை. 210 டன் இரும்பைக் கொண்டு மலாக்கா நீரிணையிலும் பருவக்காற்று வீசும் கிழக்குக் கரையிலும் ஓட்டத் தகுதியுள்ள நகோடாவுக்கு, 300 டன் இரும்பை ஓட்டத் தகுதி இல்லாமல் போவது எப்படி? அந்தக் கரையின் மணல் திட்டுகளை நகோடாக்களைவிட அறிந்த ஐரோப்பிய அதிகாரி அரிது. விதி திறமைக்கு எல்லை கட்டியதாகத் தெரியவில்லை, பதவிக்கு எல்லை கட்டியதாகத்தான் தெரிகிறது. காலனிய ஆட்சியின் ஒவ்வொரு அலுவலகத்திலும் இருந்த நிறக்கோடு கடலிலும் இருந்தது. தோட்டத்துத் துரைக்கும் கிராணிக்கும் நடுவே இருந்த கோடு நமக்குப் பழக்கமானது. அதே கோடு கடலில் கன அடியில் வரையப்பட்டிருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

அப்படியானால் கம்பனி செய்தது ஏமாற்று வேலையா? இல்லை. சட்டம் எதை அளக்கிறதோ அதைக் குறைத்துக் கட்டுவது கப்பல் தொழிலின் பழைய வழக்கம், உலகம் முழுவதும் உள்ள வழக்கம். மூர்சம் முறைக்கு முன் பிரிட்டனில் நீளத்தையும் அகலத்தையும் மட்டும் அளந்து, ஆழம் அகலத்தில் பாதி என்று வைத்துக் கணக்கிட்டார்கள். விளைவு, கப்பல்காரர்கள் ஒடுக்கமாகவும் அளவுக்கு மீறி ஆழமாகவும் கட்டினார்கள். வரி மிச்சமாயிற்று, கப்பல் காற்றில் சாய்ந்தது. மூர்சம் முறை வந்தபிறகு 13 விழுக்காடு ஒரு மந்திர எண்ணாயிற்று. நம் 210 டன் கப்பலிலேயே பாருங்கள். எஞ்சின் இடம் 26 டன் என்றால் முக்கால் கூட்டிக் கழிவது 45.5. அதை 28 ஆக்கினால் 13 விழுக்காட்டைத் தாண்டி 67.2 கழிகிறது. இரண்டு டன் இடத்தை விட்டுக்கொடுத்து 22 டன்னுக்கு வரி மிச்சம். இந்த எண் தெரியாத கப்பல் கட்டுமானப் பொறியாளர் அந்தக் காலத்தில் வேலையில் நீடித்திருக்க மாட்டார். மேல்தள அறை ஒன்றின் சுவரில் நிரந்தரமாக மூடாத ஒரு திறப்பை விட்டால், அந்த அறை முழுவதும் ‘திறந்த இடம்’ ஆகி அளவிலிருந்து விலகிக்கொள்ளும். கடல் நீர் உள்ளே புகக்கூடிய வழி ஒன்றைச் சட்டமே பரிசு கொடுத்து வைக்கச் சொன்னது போல் ஆயிற்று. இவற்றோடு ஒப்பிட்டால் 75 டன் கப்பல்களில் பாதுகாப்புக்கு நேர்ந்த கேடு குறைவு என்பதே என் முடிவு. பெரிய எஞ்சின் அறை இந்த வெப்பத்தில் உலைக்குக் கரி போடுபவனுக்குக் காற்றோட்டம் கொடுத்தது. மாலுமி அறையைப் பெரிதாக்கினால் கழிவு கிடைத்ததால், மாலுமிக்கு இடம் கொடுப்பதில் முதலாளிக்கும் இலாபம் இருந்தது. நல்லெண்ணத்தால் அல்ல, கணக்கால் நடந்த நன்மை.

இக்கப்பல்களின் உடல்கள் உறுதியானவை என்பதை இரண்டாம் உலகப் போர் காட்டியது. முன்பு சொன்ன ஏழும் சிங்கப்பூரில் கடற்படைக்கு எடுக்கப்பட்டு, கண்ணிவெடி வாரும் கப்பல்களாக மாற்றப்பட்டன. ஆழம் குறைவு, திருப்பம் எளிது, பின்தளத்தில் வின்ச் ஏற்கெனவே இருக்கிறது. 1942 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒவ்வொன்றாகக் குண்டுபட்டு மூழ்கின, எதிரியிடம் சிக்காமலிருக்கச் சொந்த ஆட்களால் மூழ்கடிக்கப்பட்டன, அல்லது ஜப்பானியர் கையில் அகப்பட்டன. சிலாங்கூர்க் கரையில் நண்டுக்கும் மீனுக்கும் பேர்போன ஜெராமின் பெயரையும், பேராக்கின் தாப்பாவின் பெயரையும் தாங்கிய கப்பல்கள் பிரிட்டிஷ் போர்க் கப்பல் பட்டியலில் இருந்தன என்பது இங்குள்ளவர்களுக்கே அதிகம் தெரியாத செய்தி.

விதி இல்லாவிட்டால் கரையோரக் கப்பல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை, தமிழ்க் கரைகளிலேயே விடை இருக்கிறது. தூத்துக்குடியில் கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோகும் தோணிகளை மேஸ்திரிமார் கரையில் ஏராக்கட்டை வைத்துக் கட்டினார்கள். வரைபடம் அவர்கள் தலைக்குள் இருந்தது. எவ்வளவு பெரிது என்பதைக் கிடைத்த மரத்தின் நீளம், முதலாளியின் கைப்பணம், அந்தக் குடும்பம் நம்பியிருந்த சரக்கு, இவை தீர்மானித்தன. ஆகவே ஒரு தோணி போல் இன்னொரு தோணி இருக்காது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிலும் அப்படியே. அங்கே கட்டி, 1930-களில் அமெரிக்க மாலுமி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கிய அன்னபூரணி 89 அடிக் கப்பல். ஊர் ஆட்களே ஓட்டிச் சென்று, அது 1938-இல் மாசசூசெட்ஸின் குளொஸ்டர் துறையில் போய் நின்றது. தோணிக்கும் பதிவு உண்டு, அளக்கவும் ஆள் வருவான். ஆனால் அவன் வருவது கட்டி முடித்த பிறகு. ஐரோப்பிய அதிகாரி என்ற பேச்சே இல்லாத தொழிலில் தாண்டக்கூடாத எண் ஒன்று நடுவில் நிற்கவில்லை. இதைச் சொல்வது தோணியே மேல் என்று நிறுவ அல்ல. இரும்புக் கப்பல் நேரத்துக்கு வந்தது, மழையில் சரக்கு நனையாமல் காத்தது, காற்றுக்குக் காத்திருக்கவில்லை. தோட்டத்துக்குத் தேவைப்பட்டது அதுதான். நான் காட்ட விரும்புவது, எண்களின் நெருக்கம் கப்பல் தொழிலுக்கு இயல்பானது அல்ல என்பதை மட்டுமே.

பழைய முறையை உலக நாடுகள் கைவிட்டன. 1969-இல் கையெழுத்தாகி 1982 ஜூலையில் நடைமுறைக்கு வந்த டன் அளவு உடன்படிக்கை, எஞ்சின் கழிவு, திறப்பு வைத்த அறை எல்லாவற்றையும் ஒழித்தது. மூடிய கொள்ளளவு முழுவதும் மொத்த டன், சரக்கறையின் கொள்ளளவிலிருந்து வாய்பாட்டுப்படி நிகர டன், அது மொத்தத்தில் 30 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. 75 டன் கப்பலின் கைத்திறனுக்கு இதில் வேலையில்லை. ஆனால் படி மட்டும் போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. கடலில் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, வெளிநாட்டுப் பயணம் போகும் சரக்குக் கப்பல் 500 மொத்த டன்னுக்குக் குறைந்தால் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய உடன்படிக்கையும் 500 டன்னுக்குக் குறைந்த கப்பலின் அதிகாரிகளுக்குத் தனிப் பிரிவு, எளிதான பிரிவு வைத்திருக்கிறது. நகோடாவின் சான்றிதழ் 75-இல் பிரிந்தது போல இன்று 500-இல் பிரிகிறது. ஆகவே 499 டன் கப்பல்கள் உலகெங்கும் மிதக்கின்றன. புதிய முறையில் மாலுமி அறைக்குக் கழிவு கிடையாது. ஒவ்வொரு அறையும் மொத்தத்தில் சேர்கிறது. மேல்தளத்தில் திறந்தவெளியில் அடுக்கும் பெட்டிகளோ கணக்கில் வருவதில்லை. எனவே கப்பல் உடலைச் சுருக்கி, மாலுமி அறையைச் சுருக்கி, சரக்கை மேலே ஏற்றுவதில்தான் இலாபம். பயிற்சிக்கு வரும் இளைஞருக்கு ஒரு படுக்கை வைப்பதற்குக்கூட 499 இடம் கொடுப்பதில்லை. பழைய முறையில் கப்பல்காரன் மாலுமிக்கு இடம் கொடுத்து எண்ணைக் குறைத்தான். இப்போது இடத்தைப் பறித்துக் குறைக்கிறான். சீர்திருத்தம் நேர்மையைக் கூட்டியது உண்மை, அதன் செலவில் ஒரு பகுதி மாலுமியின் படுக்கையில் விழுந்ததும் உண்மை.

மலேசியாவில் இந்த வித்தை இன்னும் ஒரு படி முன்னே போயிருக்கிறது. சிபுவிலும் மிரியிலும் உள்ள தளங்கள் கட்டித் தள்ளும் இழுவைப் படகும் பார்ஜும் அதற்குச் சாட்சி. சரக்கு முழுவதும் எஞ்சினும் ஆளும் இல்லாத பார்ஜில். எஞ்சினும் மாலுமிகளும் சில நூறு டன் இழுவைப் படகில். அதிகாரிகளின் தகுதியைத் தீர்மானிப்பது சிறிய படகின் டன், சம்பாதிப்பது பெரிய பார்ஜின் டன். எஞ்சின் அறையைக் காகிதத்தில் ஊதிப் பெரிதாக்கியவர்கள் போய், எஞ்சின் அறையைக் கப்பலிலிருந்தே வெட்டித் தனியே மிதக்கவிட்டவர்கள் வந்துவிட்டார்கள். ராஜாங் ஆற்றின் ஆழமின்மைக்கும் மரத்தடிக்கும் பார்ஜ்தான் பொருத்தம் என்று சொல்வார்கள். அது சரியே. ஆனால் அதே இணை ஆற்றோடு நிற்காமல் தென்சீனக் கடலைத் தாண்டுகிறது, அங்கே ஆழத்துக்குக் குறைவில்லை. உள்நாட்டுத் துறைகளுக்கு இடையிலான சரக்கை உள்நாட்டுக் கப்பல்களுக்கு ஒதுக்கும், 1980 முதல் நடப்பிலிருக்கும் கெபொடாஜ் கொள்கையைப் பற்றி இந்நாட்டில் நடக்கும் விவாதம் முழுவதும் யாருடைய கொடி என்பதைச் சுற்றியே நடக்கிறது. 2017 ஜூனில் சபா, சரவாக், லாபுவானுக்குத் தளர்த்தியபோதும் பேசப்பட்டது கொடியும் கட்டணமும்தான். உள்நாட்டுக் கடலில் ஓடும் சிறு கப்பலை எந்த எண்ணால் அளக்கிறோம், எந்த எண்ணில் வெட்டுகிறோம் என்ற கேள்விக்கு அந்த விவாதத்தில் இடம் கிடைக்கவில்லை. இழுவைப் படகையும் பார்ஜையும் சேர்த்து ஒரே கப்பலாக அளந்து, அதன்படி ஆளும் சான்றிதழும் கேட்பது ஒரு வழி. மாலுமி வசிக்கும் இடத்தை 500 டன் வரம்புக்கு மட்டும் கணக்கில் சேர்க்காமல் விடுவது இன்னொரு வழி. இரண்டாவது மலிவானது, உள்நாட்டுப் பயணக் கப்பல்களுக்கு இந்நாட்டுக் கடல்துறையே தன் விதியில் எழுதிக்கொள்ளக்கூடியது. முதலாவதற்குக் கப்பல்காரர்கள் எதிர்ப்பார்கள். தங்கள் பார்ஜ்களை எந்த எண்ணை மனத்தில் வைத்துக் கட்டினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.